கேரி கோல்மேன் கேஸ்: சம்பாதிச்சது பையன், சாவி இருந்தது யாரு கையில?

மாசி மாசத்துல பெருந்துறை பக்கம் ஒரு கல்யாணம், சொந்தத்துலயே. சீர் அன்னைக்கு பொழுதோட பந்தி நடந்துட்டு இருக்கு, என்ற அக்கா மக ரச வாளியத் தூக்கிட்டு வரிசையில போறா, பன்னெண்டாவது படிக்கற புள்ள, விசேஷ ஊட்டுல சும்மா உக்காந்திருக்க மாட்டா. எலையில இருந்த ஒரு பெரியம்மா அவ கையப் புடிச்சு நிறுத்தி, "ஏனம்மிணி, டிவில சொல்லுவியே, அதைய ஒருக்கா சொல்லு சாமி, எங்க பேரன் பாத்ததே இல்லீங்கறான்"னாங்க. இவ ஒண்ணும் பேசலை. வாளியக் கீழ வெச்சா, கரண்டிய இடது கைக்கு மாத்துனா, வலது கை விரலத் தூக்கி ஆட்டி "எங்கப்பாருகிட்ட சொல்லிப்போடுவேன் பாத்துக்குங்"னு சொன்னா. ஆறு வயசுல ஒரு காமெடி ஷோவுல சொன்ன வசனம் அது. மூஞ்சில ஒண்ணுமே இல்ல. பந்தியே சிரிச்சுது. அந்தப் பெரியம்மா மட்டும் பக்கத்து எலைக்காரங்ககிட்ட, "சின்னதுல சொன்னப்ப இன்னும் நல்லா இருக்கும், இப்ப வளந்துட்டா"ன்னாங்க. அது அவ காதுலயும் விழுந்துச்சு, என் காதுலயும் விழுந்துச்சு. வாளியத் தூக்கிட்டு அடுத்த எலைக்குப் போய்ட்டா.

அன்னைக்கு ராத்திரி எனக்கு கேரி கோல்மேன் ஞாபகம்தான். நான் ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்கறவன், மஞ்சள் மண்டி, பவர்லூம், சாயப்பட்டறை இதுங்க கணக்குதான் பொழப்பு. மத்தவங்க கொலை கேஸ் படிக்கற மாதிரி நான் சொத்து கேஸ் படிப்பேன், அது ஒரு கிறுக்கு. குழந்தை நட்சத்திரங்க கேஸ் நெறைய படிச்சாச்சு, அதுல இந்த ஒண்ணை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்துப் பாப்பேன், ஏன்னா இதுல வில்லன்னு ஒருத்தரைத் தனியா நிறுத்தி வெச்சு அடிக்க முடியாது.

ஆளு யாருன்னு முதல்ல சொல்லிடறேன். கேரி கோல்மேன், 1968 பிப்ரவரி 8ல அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல சயன்ங்கற சின்ன ஊருல பொறந்தவரு. கைக்குழந்தையாவே தத்து எடுத்துட்டாங்க. வளத்த அப்பா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவரு, அம்மா நர்ஸ் வேலை. நம்ம பக்கம் மில்லுல ஷிப்ட் பாக்கற குடும்பம்னு வெச்சுக்குங்களேன், அந்த மாதிரி. பையனுக்கு பொறவியிலயே கிட்னி கோளாறு. அஞ்சு வயசுல, 1973ல முதல் மாற்று கிட்னி, 1984ல ரெண்டாவது, அதுவும் நிக்கலை, அப்புறம் காலம் பூரா டயாலிசிஸ்தான். கிட்னி நோயும் அதுக்குக் குடுத்த மருந்துகளும் சேந்து ஒடம்பு வளர்றதை அப்படியே நிறுத்திடுச்சு, கடைசி வரைக்கும் உயரம் 4 அடி 8 அங்குலம்தான், சுமாரா 142 சென்டிமீட்டர். கன்னம் உப்பிப்போய் வயசே தெரியாத மூஞ்சி. அந்த மூஞ்சியத்தான் அமெரிக்காவே கொஞ்சுச்சு. நோய் குடுத்த மூஞ்சி அதுன்னு பாத்தவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்காது.

ஆளு முதல்ல பேரு வாங்குனது எதுலன்னு கேளுங்க, சிகாகோவுல ஒரு பேங்க் விளம்பரத்துல. கணக்கு பாக்கறவனுக்கு இதைவிட கேலியான ஆரம்பம் கெடைக்காது. அந்த விளம்பரம் வழியா நார்மன் லியர்ங்கற டிவி தயாரிப்பாளரோட கம்பெனிக்காரங்க கண்ணுல பட்டு, 1978 நவம்பர்ல டிஃபரண்ட் ஸ்ட்ரோக்ஸ்னு ஒரு சீரியல் என்பிசிங்கற டிவி சேனல்ல ஆரம்பிச்சுது. நியூயார்க்ல ஹார்லெம்ங்கற பகுதியில இருந்த ரெண்டு கருப்பினப் பசங்க, அம்மா செத்துப்போறாங்க, அந்தம்மா வேலை பாத்த பணக்கார வெள்ளைக்காரரு பசங்களைத் தத்து எடுத்து தன்னோட ஆடம்பர ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறாரு, இதான் கதை. கேரி சின்னவன், பேரு ஆர்னால்டு. அண்ணனை மேலயும் கீழயும் பாத்து, ஒதட்டப் பிதுக்கி, "நீ என்ன பேசற வில்லிஸ்?"ங்கற அர்த்தத்துல ஒரு வரி சொல்லுவான் பாருங்க, அந்த ஒரு வரிதான் மொத்த ஷோவும். 1983ல அமெரிக்க ஜனாதிபதி ரீகனோட சம்சாரமே வந்து ஒரு எபிசோட்ல நடிச்சாங்க, போதைப்பொருள் வேண்டாம்னு புள்ளைங்களுக்குச் சொல்றதுக்கு. அந்த அளவுக்கு ஓடுச்சு. உச்சத்துல ஒரு எபிசோடுக்கு 1 லட்சம் டாலர் வாங்குனாருன்னு சொல்றாங்க. ஒரு எபிசோடு அரை மணி நேரம், விளம்பரம் போக இன்னும் கம்மி.

ஷோ 1985 வரைக்கும் என்பிசில, கடைசி ஒரு வருஷம் ஏபிசில. 1986 பிப்ரவரில கேரிக்கு 18 முடியுது, அதே வருஷம் ஷோவும் முடியுது. மேஜர் ஆன வருஷமே வருமானம் நின்னு போச்சு. கணக்குல இதை ஓரமா குறிச்சு வெச்சுக்குங்க.

இனி கேஸுக்கு வர்றேன். 1989ல, 21 வயசுல, கேரி தன்னை வளத்த அப்பா அம்மா மேலயும் பழைய மேனேஜர் மேலயும் கேஸ் போட்டாரு. அவரு சம்பாத்தியத்தைப் போட்டு வெச்ச டிரஸ்டுல இருந்த 38 லட்சம் டாலர முறைகேடா கையாண்டுட்டாங்கன்னு பிராது. 1993ல தீர்ப்பு, 12 லட்சத்து 80 ஆயிரம் டாலர் அவருக்குக் குடுக்கச் சொல்லி. ஜெயிச்சாச்சு. ஜெயிச்சு ஆறு வருஷம், 1999 ஆகஸ்ட்ல திவால் மனு குடுக்கறாரு. ஒரு டாக்குமெண்டரி கணக்குப்படி பெத்தவங்க, ஆலோசகருங்க, வக்கீலுங்க, வரி எல்லாருக்கும் போக சம்பாதிச்சதுல கால்வாசிதான் அவரு கைக்கு மிஞ்சுச்சு.

மக்கள் இதைப் படிச்ச ஒடனே "அடப்பாவிங்களா, பெத்த புள்ளை காசையே திருடிட்டாங்க"ம்பாங்க. எனக்கு அப்படித் தோணலை. முகமூடி போட்டுட்டு வந்து தூக்கிட்டுப் போறது ஒரு வகை, அது சுலபமா புரியும். இந்த மாதிரி கேஸ்ல நடக்கறது வேற. ஏஜெண்டுக்கு 10 சதவீதம், அது நியாயமான கூலி. மேனேஜருக்கு ஒரு பங்கு, அவரும் ஓடுறாரு. வக்கீலுக்கு, ஆடிட்டருக்கு, ஆமா, எங்க ஆளுக்கும். அப்பா வேலைய விட்டுட்டு பையன் கூடவே இருக்காரு, அவரு எதுல சாப்புடுவாரு, அவருக்கு ஒரு சம்பளம். அம்மாவுக்கு ஒண்ணு. ஒவ்வொரு வரியையும் தனியா எடுத்தா ஒரு காரணம் இருக்கும், வவுச்சர் இருக்கும், கையெழுத்து இருக்கும். கையெழுத்து மட்டும் சம்பாதிச்சவனோடது இருக்காது, ஏன்னா அவன் மைனர். கீழ கோடு போட்டுக் கூட்டிப் பாக்கறப்பதான் தூக்கி வாரிப்போடும். பாத்தது எத்தனையோ பங்காளி சண்டை, அண்ணன் தம்பி தோட்டம் பிரிக்கறது, அப்பன் பேருல இருந்த பட்டறைய பிரிக்கறது, எல்லாத்துலயும் இதே கதைதான், யாரும் திருடலை, எல்லாரும் எடுத்திருக்காங்க.

திவால் ஆனப்ப கேரி என்ன சொன்னாருன்னா, இதுக்கு யாரு பொறுப்புன்னு கேட்டா நான், கணக்குப் பாத்தவங்க, வளத்த அப்பா அம்மா, ஏஜெண்டுங்க, வக்கீலுங்கன்னு ஒரு சுத்து சுத்தி மறுபடி நான்னு வந்து நிக்கும்னாரு. பட்டியல் அவருல ஆரம்பிச்சு அவருலயே முடியுது பாருங்க. இவ்வளவு நேர்மையா ஒரு திவால் பார்ட்டி பேசி நான் கேட்டதே இல்ல, எங்க ஆபீஸுக்கு வர்றவங்க எல்லாம் ஜிஎஸ்டி மேலயும் நூல் வெலை மேலயும்தான் போடுவாங்க.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு. கேரி பொறக்கறதுக்கு 29 வருஷம் முந்தியே இருந்துச்சு. ஜாக்கி கூகன்னு ஒரு பையன், 1921ல சாப்ளின் கூட நடிச்சு ஒலகம் பூரா பேரு வாங்குனவன், 30 லட்சம், 40 லட்சம் டாலர் சம்பாதிச்சவன்னு கணக்கு. வயசுக்கு வந்து 1938ல அம்மா மேலயும் அம்மாவோட ரெண்டாவது புருஷன் மேலயும் கேஸ் போட்டு கடைசியில கையில கெடைச்சது 1 லட்சத்து 26 ஆயிரம். அந்த அசிங்கத்துக்கு அப்புறம் 1939ல கலிஃபோர்னியாவுல சட்டம் போட்டாங்க, அவரு பேருலயே கூகன் சட்டம்னு. ஆனா அதுல ஓட்டை. கோர்ட் அங்கீகாரம் வாங்குன ஒப்பந்தத்துக்குத்தான் அது பிடிக்கும், அதோட மைனர் சம்பாத்தியம் பெத்தவங்களுக்கு உரியதுங்கற பழைய அடிப்படை அப்படியேதான் இருந்துச்சு. அந்த அடிப்படைய மாத்தி, சம்பாதிக்கறது புள்ளையோட சொத்து, 15 சதவீதம் கண்டிப்பா தனியா பூட்டி வெக்கணும்னு திருத்துனது 2000 ஜனவரி 1ல. கேரி திவால் மனு போட்டு அஞ்சு மாசம் கூட ஆகலை. அவரு பொறந்த இல்லினாய் மாநிலம்தான் பொறவு 2024 ஜூலைல இருந்து, பெத்தவங்க எடுக்கற வீடியோவுல வர்ற புள்ளைங்களுக்கும் வருமானத்துல பங்கு ஒதுக்கணும்னு சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்துச்சு, அமெரிக்காவுலயே முதல்ல.

நம்மூருலயும் சட்டம் இருக்குங்க, இது பல பேருக்குத் தெரியாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016ல திருத்தி, 14 வயசுக்குக் கீழ இருக்கற புள்ளைங்க சினிமா, டிவி, விளம்பரத்துல கலைஞரா வேலை செய்யலாம்னு விலக்கு குடுத்தாங்க, சர்க்கஸுக்கு மட்டும் கெடையாது. 2017ல விதிகள் வந்துச்சு. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, ஓய்வு இல்லாம 3 மணி நேரத்துக்கு மேல கூடாது, தொடர்ச்சியா 27 நாளைக்கு மேல கூடாது, ஷூட்டிங் நடக்கற மாவட்ட கலெக்டர்கிட்ட தயாரிப்பாளர் அனுமதி வாங்கணும், அஞ்சு புள்ளைங்களுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கணும், புள்ளைக்கு இஷ்டம் இல்லாம எதுவும் செய்ய வெக்கக்கூடாது. முக்கியமானது, வருமானத்துல குறைஞ்சது 20 சதவீதத்தை நேரா தேசியமய பேங்க்ல புள்ள பேருல ஃபிக்ஸட் டெபாசிட் போடணும், 18 ஆனப்பதான் கைக்கு வரும். வருமான வரியிலயும் ஒரு சங்கதி இருக்கு. மைனர் வருமானம் பொதுவா அப்பா அம்மா வருமானத்தோட சேந்துடும், ஆனா புள்ள சொந்தத் திறமையில சம்பாதிச்சது சேராது, அது அந்தப் புள்ள பேருலயே தனிக் கணக்கு, தனி பான் கார்டு. அந்தப் பணத்தை டெபாசிட்ல போட்டு வர்ற வட்டி மட்டும் மறுபடி பெத்தவங்க கணக்குல போய் ஒட்டிக்கும், இதுல ஏமாறாத ஆள் கம்மி. அதாவது வரி ஆபீஸே ஒத்துக்குது, ஒழைச்சது புள்ளைதான்னு. ஊட்டுல ஒத்துக்கறதுதான் கஷ்டம்.

பணம் ஒரு பக்கம். இன்னொண்ணு பேரு, அதுல ஜப்தி பண்ணுனது நாமதான், பாத்துட்டு இருந்தவங்க.

1998ல கேரி கலிஃபோர்னியாவுல செக்யூரிட்டி வேலை பாக்கறாரு. லட்சம் டாலர் வாங்குன ஆளு, வாட்ச்மேன். ஒரு கடையில வேலைக்குப் போடறதுக்கு குண்டு துளைக்காத சட்டை பாத்துட்டு இருக்கறப்ப ஒரு பொம்பளை ஆட்டோகிராஃப் கேக்கறாங்க, பேச்சு முத்துது, அந்தம்மா அவரோட நடிப்புப் பொழப்பைக் கிண்டல் பண்றாங்க, இவரு கை நீட்டிட்டாரு. கோர்ட்ல எதிர்த்து வாதாடலை, 90 நாள் ஜெயில் தண்டனை நிறுத்தி வெச்சாங்க, ஆஸ்பத்திரிச் செலவு 1,665 டாலர் கட்டணும், கோவத்தை அடக்க வகுப்புக்குப் போகணும்னு உத்தரவு. அடிச்சது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா பேப்பருக்கெல்லாம் அது தீவாளி. குட்டி ஆர்னால்டு அடிச்சுட்டாங்கற மாதிரி பேச்சு. ஆளுக்கு 30 வயசு. குட்டியாம்.

சட்டை வாங்க வந்த வாட்ச்மேன்கிட்ட ஆட்டோகிராஃப், ரசம் ஊத்த வந்த புள்ளைகிட்ட டயலாக். அந்தப் பெரியம்மாவைக் குத்தம் சொல்லலை, அவங்க பிரியமாத்தான் கேட்டாங்க, சாமின்னுதான் கூப்புட்டாங்க. பிரியமா கேக்கறதுனாலதான் முடியாதுன்னு சொல்ல வழியே இல்லாம போகுது. திட்டுனா திருப்பித் திட்டலாம், கொஞ்சுனா என்ன பண்றது?

2003ல கலிஃபோர்னியா கவர்னர் தேர்தல்ல நின்னாரு. ஒரு பேப்பர்காரங்க கிண்டலுக்குன்னே 3,500 டாலர் கட்டி அவரை நிறுத்துனாங்க, அர்னால்டு ஸ்வார்சநேகர் ஜெயிச்ச அதே தேர்தல். 135 பேரு நின்னதுல இவரு எட்டாவது, 14,242 ஓட்டு. நம்மூருல டெபாசிட் போச்சும்போம். ஆனா ஒரு கிண்டலுக்கு 14 ஆயிரம் பேரு வரிசையில நின்னு ஓட்டுப் போட்டிருக்காங்கன்னா அதை எப்படி எடுத்துக்கறது, எனக்கு இன்னும் புடிபடலை. அதே வருஷம் நியூயார்க் பிராட்வேல ஒரு நாடகத்துல கேரி கோல்மேன்ங்கற பேருலயே ஒரு பாத்திரம் வந்துச்சு, குடியிருப்புக் கட்டடத்துக்கு பராமரிப்பு வேலை பாக்கற ஆளா, நொடிச்சுப் போன நட்சத்திரமா, அதுல பெரும்பாலும் ஒரு பொம்பளை நடிப்பாங்க. அந்த நாடகம் விருதெல்லாம் வாங்குச்சு. உசுரோட இருக்கற மனுசனை மேடையில ஏத்தி தினமும் சிரிச்சாங்க. தனக்கு ஒரு வக்கீல் கெடைச்சா கேஸ் போடுவேன்னு புலம்பிட்டு இருந்தாரு.

சாபம்னு சொல்லுவாங்க அமெரிக்காவுல, அந்த ஷோவுக்கே சாபம்னு. அக்காவா நடிச்ச டேனா பிளாட்டோ 1999 மே மாசம் மருந்து ஓவராகி செத்துப்போனாங்க, அண்ணனா நடிச்ச டாட் பிரிட்ஜஸ் போதையில சிக்கி கோர்ட் கேஸுன்னு அலைஞ்சாரு, அப்புறம் மீண்டு வந்து நல்லா இருக்காரு. மூணு புள்ளைங்களும் கஷ்டப்பட்டாச்சா, அப்ப சாபம். எங்க ஊட்டுலயும் அதான். அக்கா மக டிவில வந்த காலத்துல ஆத்தா ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் உப்பும் மொளகாயும் எடுத்து சுத்திப் போடும், ஊரு கண்ணு பட்டுரும்னு. மொளகா அடுப்புல போட்டா நெடி வரலைன்னா கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தமாம். ஊரு கண்ணு பட்டது நெசம்தான். ஆனா கணக்குல பட்ட கண்ணு ஊட்டுக் கண்ணு, அதுக்கு மொளகா வேலை செய்யாது.

இதையெல்லாம் படிக்கறவங்க பெரும்பாலும் தவற விடறது ஒண்ணு இருக்கு, ரயிலு. கேரிக்கு சின்ன வயசுல இருந்தே பொம்மை ரயில் பைத்தியம். நாம கடையில வாங்கித் தர்ற பேட்டரி ரயில் இல்ல, அளவு எடுத்துச் செஞ்ச மாடல் ரயில், தண்டவாளம், ஸ்டேஷன், சுரங்கம், மரம் மட்டை எல்லாம் வெச்சு ஊடு பூரா பரப்பற வகை. அந்த ரயில் விக்கற கடைகள்லயே பகுதி நேர வேலைக்குப் போயிருக்காரு, ரயில் பக்கத்துல இருக்கலாம்னே. எங்களுக்கு ஈரோடு ஜங்ஷன், லோகோ ஷெட்டு பக்கத்துலயே பொழப்பு, ரயில் கிறுக்குப் புடிச்சவங்களை எனக்குத் தெரியும், ஹாரன் சத்தத்தை வெச்சே என்ன வண்டி, எத்தனை நிமிஷம் லேட்டுன்னு சொல்லுவானுங்க, அந்த நேரத்துல அவனுங்க மூஞ்சியப் பாக்கணும். கவுண்டருக்குப் பின்னாடி ஒரு குட்டி இன்ஜினைக் கையில வெச்சு சக்கரத்தைத் தொடைச்சுட்டு இருக்கற கேரிய நான் அப்படித்தான் நெனைச்சுக்கறேன். கதவு தெறக்குது, ஒருத்தன் உள்ள வர்றான், இவரைப் பாத்து சிரிக்கறான், வாயத் தெறக்கறான், என்ன கேக்கப் போறான்னு இவருக்குத் தெரியும்.

2005ல யூட்டா மாநிலத்துக்குக் குடி போனாரு. 2007ல கல்யாணம், 2008லயே விவாகரத்து, ஆனா அது வெளிய தெரிஞ்சதே அவரு செத்த பொறவுதான். 2010 மே 26 ஊட்டுல விழுந்து தலையில அடி, மண்டைக்குள்ள ரத்தக் கசிவு, 28ந் தேதி ப்ரோவோ ஆஸ்பத்திரில உசுரு போச்சு. 42 வயசு. யாருக்கு என்ன உரிமைன்னு சண்டை, இறுதிச் சடங்குகூட நடக்கலை, சாம்பலும் சொத்தும் யாருக்குன்னு கேஸ் 2012 வரைக்கும் இழுத்துச்சு.

1999ல, அந்தத் திவால் வருஷத்துலயே, ஒரு உயில் எழுதியிருக்காரு. அதுல தன்னோட சாவுக்கு யாரு கூடணும்னு சொல்லியிருக்காரு. என்கூடப் பணத் தொடர்பு எதுவும் இல்லாதவங்க நடத்தணும், ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாத்து நாங்க கேரி மேல நெசமாலுமே அக்கறை வெச்சிருந்தோம்னு சொல்ல முடிஞ்சவங்களா இருக்கணும், இதான் சாராம்சம். 31 வயசு ஆளு எழுதுனது. உயில் எத்தனையோ டைப் அடிச்சிருக்கேன், தோட்டம் யாருக்கு, கெணத்துப் பங்கு யாருக்கு, நகை யாருக்குன்னு, சாவு ஊட்டுக்கு வர்ற ஆளுக்குத் தகுதி போட்ட உயில் நான் பாத்ததில்ல.

இதைப் படிச்சிட்டு எங்க ஊட்டுக் கணக்கை எடுக்காம இருக்க முடியலைங்க. கல்யாணம் முடிஞ்சு அடுத்த ஞாயித்துக்கெழமை அக்கா ஊட்டுக்குப் போனேன். மச்சான் எல்லாத்தையும் எழுதி வெக்கறவரு, தறிக்காரங்க பழக்கம், ஒரு நீளக் கணக்கு நோட்டுல புள்ள டிவிக்குப் போன நாலு வருஷமும் இருந்துச்சு. ஏற்காடு எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுல இருந்து பௌடர் டப்பா வரைக்கும். அந்த ஷோ, ரெண்டு ஜவுளி விளம்பரம், கடை தெறப்பு விழாக்கள், கோயில் நோம்பி மேடைகள் எல்லாம் சேத்து வரவு 5,12,000. சென்னைக்குப் போக வர, ரூமு, துணிமணி 1,48,000. பழைய தறி நாலும் செட்டு வேலையும் 2,75,000. ஊட்டுச் செலவு 77,000. புள்ள பேருல போஸ்ட் ஆபீஸ் ஆர்டி 12,000. எந்தக் கம்பெனியும் டெபாசிட் போட்டதா ஒரு சீட்டும் இல்ல, எந்தக் கலெக்டர் அனுமதியும் இல்ல, நாங்களும் கேக்கலை. விதி வந்த வருஷத்துல நான் அதே ஆடிட்டர் ஆபீஸ்லதான் இருந்தேன், சொந்த அக்கா மகளுக்கு நானே எடுத்துச் சொல்லலை, சீர் செய்யற தாய்மாமன்! கேரி பட்டியல்ல கணக்குப் பாத்தவங்கன்னு வருதே, அந்த எடத்துல என்னைப் போட்டுக்கலாம்.

"அவளுக்காகத்தானுங்க மாப்ளே, அந்தத் தறி ஓடித்தானே ஃபீஸு கட்டுறேன்"னாரு மச்சான். பொய் இல்ல. அவரு சம்பாதிச்சு ஊதாரித்தனம் பண்ணுன ஆளும் இல்ல, காலையில ஆறு மணிக்கு தறிச் சத்தத்துக்குள்ள போனா ராத்திரி எட்டுக்குத்தான் வெளிய வருவாரு, அப்பவும் காது கேக்காம கத்திப் பேசுவாரு. கமலஹாசன் ஆறு வயசுல வந்தவருதானே, அவரு நல்லா இல்லையான்னாரு. 1960ல நடிச்சு ஜனாதிபதி கையில மெடல் வாங்குனவரைச் சொல்றாரு. நல்லாத்தான் இருக்காரு. லாட்டரில விழுந்தவனை மட்டும் காட்டி சீட்டு விக்கற கணக்கு இது, ஆனா மச்சான்கிட்ட அதைச் சொல்லலை, கேரி கதையச் சொன்னேன். உயில் வரைக்கும் சொன்னேன். அக்கா நடுவுல எந்திரிச்சு உள்ள போய்ட்டாங்க, பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுச்சு, கழுவுன பாத்திரத்தையே கழுவுறாங்க.

மச்சான் அன்னைக்கு ஒண்ணும் பேசலை. நாலு நாள் கழிச்சு என்னை வரச்சொல்லி போன் வந்துச்சு. போனா, அதே நோட்டுல புதுப் பக்கம். மேல மக பேரு, கீழ "கடன்"னு எழுதி 2,75,000, 2017 வைகாசின்னு போட்டு, பக்கத்துல நூத்துக்கு ஒரு ரூவா வட்டின்னு எழுதி கையெழுத்தும் போட்டிருந்தாரு. எனக்கு என்னமோ பண்ணுச்சு. அவ அப்பதான் டியூஷன் முடிச்சு வந்தா, பையக் கழட்டாம நின்னுட்டே நோட்டப் பாத்தா.

"வட்டி எல்லாம் எதுக்குன்னு சொல்லுவான்னு நெனைச்சேன்"னு அக்கா பொறவு எங்கிட்ட சொன்னாங்க.

அவ சொன்னது வேற. "ஏனுங்ப்பா, நீங்க அந்த வருஷம் நூலுக்கு பைனான்ஸ்ல வாங்குனீங்களே, அது எத்தனை வட்டிங்?"

மச்சான் என்னைப் பாத்தாரு. "ஒண்ணரை."

"அப்ப எனக்கும் ஒண்ணரை போடுங்"னா. "மாசம் 4,125 வருது."